தாத்தா காலத்து லாரியை ஓட வைக்கலாம்!

ஷெட்டில் நிற்கும் பழைய லாரியை ஓட வைக்க நினைப்பவர்கள் முதலில் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். எஞ்சின் நன்றாக இருந்தாலும் வயரிங்கும் கியர் பாக்ஸும் சரியில்லை என்றால், லோடோடு பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

டைனமோ மாற்றம்

அந்தக் கால வண்டிகளில் இருப்பது டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் ஏறாது, விளக்கு மங்கும். ஆல்டர்னேட்டர் பொருத்தினால் தொல்லை தீரும். ஆனால், பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் சேஸிஸில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்தான் எர்த். பேட்டரி இணைப்பைத் திருப்பாமல் மாட்டினால் டயோடு கருகிவிடும். டைனமோவின் கட்-அவுட் பெட்டியையும் இணைப்பிலிருந்து நீக்குங்கள். துணி சுற்றிய வயர்களை மாற்றி, ஃபியூஸ் போடுங்கள். 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் சார்ஜ் சரி.

கியர் பாக்ஸ் சத்தம்

நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், அது ரிலீஸ் பேரிங். இதற்குப் பெட்டியை இறக்கினால் போதும். உள்ளே பிரிக்க வேண்டியதில்லை. வீண் செலவு மிச்சம்.

பழைய ஆயிலை வடித்து, காந்தம் விட்டுப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக வந்தால் பல் உடைந்திருக்கலாம். பிரித்தே ஆக வேண்டும். பித்தளை பாகங்கள் உள்ள பெட்டிக்கு ஜி.எல்-4 ஆயில் ஏற்றது. ஜி.எல்-5 பித்தளையை அரிக்கக்கூடும்.

கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்கினால் தவறு நேராது.