பொம்மை மார்க் போடுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் ஆசையாகப் போட்டுப் பார்ப்பது டைப்பிங் டியூட்டர். நீங்கள் கீகளைத் தட்டத் தட்ட, எத்தனை தவறு, நிமிடத்திற்கு எத்தனை சொல் என்று அது சொல்லிக் கொண்டே வரும். இந்தக் கணக்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கீபோர்டுதான். டாக்டருக்குப் படிப்பவர்களுக்கும் இப்படிப் பழகிப் பார்க்கும் சாதனங்கள் உண்டு. அவற்றை சிமுலேட்டர் என்கிறார்கள்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழகத்தின் வேறு 10 புதிய கல்லூரிகளுடன் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. 150 எம்.பி.பி.எஸ். இடங்களுடன் தொடங்கியது. இத்தனை பேரும் முதல் ஊசியை யார் கையில் குத்திப் பழகுவது? நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ பஸ் ஏறி வரும் நோயாளியின் கையிலா? இதற்காகத்தான் 2019ல் வந்த புதிய பாடத்திட்டத்தை ஒட்டி, கல்லூரிகளில் ஸ்கில்ஸ் லேப் கட்டாயமானது. 150 மாணவர்கள் வரை சேர்க்கும் கல்லூரியில் இது குறைந்தது 600 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்றது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020ம் ஆண்டு விதி.

இடம் இருந்தால் போதுமா? ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜி.பி. என்று மட்டும் கேட்டு கம்ப்யூட்டர் வாங்குவது போலத்தான் அது.

இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தும் சி.பி.ஆர். பயிற்சியைப் பாருங்கள். இதற்கான பொம்மையை 1960ல் உருவாக்கியவர் நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்பது விதி. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழும்ப விட வேண்டும். இன்றைய நல்ல பொம்மைகளில் உள்ள சென்சார்கள் இவற்றை அளந்து, லேப்டாப் திரையில் கிராபாகக் காட்டுகின்றன.

இங்குதான் ஒரு சிக்கல். ஸ்பிரிங் தளர்ந்த பொம்மையில் லேசாக அழுத்தினாலே 5 செ.மீ. இறங்கிவிடும். திரையில் நூற்றுக்கு நூறு! அதே பலத்தில் நிஜ மனிதரின் மார்பை அழுத்தினால் போதாது. எனவே பொம்மையையும் அவ்வப்போது சோதித்துப் பழுது பார்த்திட வேண்டும்.

நர்சிங் ஆசிரியர்களின் சர்வதேச சங்கமான ஐ.என்.ஏ.சி.எஸ்.எல்., 2011ல் இத்தகைய பயிற்சிக்கான தர விதிகளை வெளியிட்டு, 2021ல் திருத்தியது. அதில் சாதனத்தைக் காட்டிலும் பயிற்சி நடத்தும் முறைக்கே அதிக இடம். எதைக் கற்கப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிட வேண்டும். முடிந்த பின் ஆசிரியர் மாணவர்களுடன் உட்கார்ந்து, யார் எங்கே தயங்கினார், ஏன் என்று பேச வேண்டும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பொம்மையைவிட இந்தப் பேச்சுதான் முக்கியம்.

வேகத்தை மட்டும் நீங்களும் பழகலாம். கம்ப்யூட்டரில் ஏதேனும் ஒரு மெட்ரோனோம் புரோகிராமை 110ல் செட் செய்து, அந்தத் தாளத்திற்கு ஒரு தலையணையை அழுத்திப் பாருங்கள். வீட்டில் யார் மார்பிலும் பழக வேண்டாம். ஆழம் சரியா என்று தலையணை சொல்லாது. அதற்கு முதலுதவி வகுப்பிற்குத்தான் செல்ல வேண்டும். சேரும் முன், அங்குள்ள பொம்மை ஆழத்தைக் காட்டுமா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.