கோத்தோவுக்கு வாரிசு யார்?

மலருக்குக் கட்டுரை கேட்டால் நான் கல்வெட்டு, நிகண்டு, மேல்சித்தாமூர் என்று ஏதாவது எழுதித் தருவேன் என்பது நம் சங்கத்து அன்பர்களுக்குத் தெரியும். இந்த வருஷம் ஒரு ஜப்பானியச் சித்திரத் தொடரைப் பற்றி எழுதுகிறேன். ‘அனிமே’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான். தொடரின் பெயர் ‘கோனோ ஓத்தோ தோமாரே’. ‘இந்த ஒலியே, நில்!’ என்று பொருள் கொள்ளலாம். 2019-இல் ஏப்ரலில் தொடங்கி 13 பகுதியும், அக்டோபரில் தொடங்கி 13 பகுதியுமாக 26 பகுதிகள் வெளிவந்தன. பேத்தி பார்த்தாள், நானும் கூட உட்கார்ந்து முழுசும் பார்த்தேன்.

கதை ஒரு பள்ளிக்கூடத்துக் கோத்தோ மன்றத்தைப் பற்றியது. அதற்குப் போகுமுன் கோத்தோ என்ன வாத்தியம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பார்த்தால் பாதி சுவை போய்விடும்.

கிரி என்ற மரத்தைக் குடைந்து செய்த, ஆறடி நீளப் பெட்டி. கிரி மிகவும் லேசான மரம். நம் வீணைக்கான பலா அதன் பக்கத்தில் கல் மாதிரி. மேலே 13 தந்திகள். பதின்மூன்றும் ஒரே பருமன் என்பதுதான் இதில் விசேஷம். வீணையிலோ சிதாரிலோ தடித்த தந்தி, மெல்லிய தந்தி என்று வித்தியாசம் உண்டு. இங்கே அது கிடையாது. ஒவ்வொரு தந்தியின் அடியிலும் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை நிற்கும். அதை எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் அந்தத் தந்தியின் சுருதி. பாட்டு மாறினால் குதிரைகளை நகர்த்திச் சுருதி மாற்றிக்கொள்ள வேண்டும். வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகம் மாட்டி மீட்டுவார்கள். இடது கை குதிரைக்கு அந்தப் பக்கம் தந்தியை அழுத்தும். அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இடம் உடனே பிடிபட்டுவிடும்.

தந்தி முன்பு பட்டு நூல். இப்போது பெரும்பாலும் டெட்ரான் என்கிற பாலியஸ்டர் இழை. நாற்பது வருஷமாக அகமதாபாத்தில் பருத்தித் துணி வியாபாரம் செய்கிறவன் நான். பட்டு கொள்முதல் செய்வதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்த மாற்றம் எனக்குச் சந்தோஷம்தான். நகம் மட்டும் இன்னமும் தந்தத்தில் வைத்திருக்கிறார்கள். அது மனசுக்கு ஒப்பவில்லை. ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை வைத்து 2021-இல் ‘மாஷிரோ நோ ஓத்தோ’ என்று இன்னொரு தொடர் வந்தது. நல்ல தொடர் என்கிறார்கள். ஆனால் ஷாமிசெனுக்கு மரபுப்படி போர்த்துவது பூனைத்தோல் அல்லது நாய்த்தோல். அது தெரிந்தபிறகு என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். கோத்தோ 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் சீனத்திலிருந்து அரண்மனை இசையோடு ஜப்பானுக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர் யாத்சுஹாஷி கெங்யோ (1614–1685). கண் பார்வை இல்லாதவர். ‘கெங்யோ’ என்பது பெயரல்ல, பட்டம். அந்நாளில் பார்வையற்ற ஆண்களுக்கென்று அரசு அங்கீகரித்த ஒரு சங்கம் இருந்தது. இசையைத் தொழிலாகக் கற்றுக்கொடுக்கும் உரிமை பெரும்பாலும் அவர்களிடம். அதில் உயர்ந்த பதவி கெங்யோ. ‘ரோகுதான்’ என்ற ஆறு பகுதி கொண்ட புகழ்பெற்ற உருப்படியை அவர் செய்ததாகவே சொல்கிறார்கள். இன்றும் கோத்தோ கற்கிறவர் எவரும் அதைத் தாண்டாமல் போக முடியாது. கியோத்தோ நகரத்தில் அவர் பெயரில் ஒரு தின்பண்டமே விற்கிறது.

1871-இல் மெய்ஜி அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்துவிட்டது. ஒரே உத்தரவில் அத்தனை பேருடைய பிழைப்பும் போயிற்று. கலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. இக்குத்தா, யமாதா என்ற இரண்டு பாணிகளின் ஆசிரியர்கள் வீட்டுக்கு வீடு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் பெருவாரியாகக் கற்றுக்கொண்டார்கள். ‘இயெமோத்தோ’ என்கிற தலைமைக் குடும்ப முறை கலையைக் கையில் எடுத்துக்கொண்டது. பட்டம் கொடுப்பது, மேடைப் பெயர் கொடுப்பது, இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அந்தக் குடும்பத் தலைவர்தான். பிற்பாடு மியாகி மிச்சியோ (1894–1956) வந்தார். இவரும் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். கோத்தோவில் கீழ்ஸ்தாயி போதவில்லை என்று 1921-இல் 17 தந்தி கொண்ட பெரிய கோத்தோவை உண்டாக்கினார். 1929-இல் இயற்றிய ‘ஹாரு நோ உமி’, அதாவது வசந்தக் கடல், அவரை உலகறியச் செய்தது.

இவ்வளவும் ஏன் சொன்னேன் என்றால், தொடரின் கதையில் இந்த வரலாறு பூராவும் மூன்று பிள்ளைகளின் உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஹோசுகி சதோவா என்ற பெண் தலைமைக் குடும்பத்து வாரிசு. போட்டி மேடையில் குறித்தபடி வாசிக்காமல் தன் மனசில் இருந்ததை வாசித்தாள். பெற்ற தாயே அவளைக் குடும்பத்திலிருந்து விலக்கிவிட்டாள். குடோ சிக்கா என்ற பையன் ஊரே முரடன் என்று ஒதுக்கியவன். அவனுடைய தாத்தா கோத்தோ செய்கிற கைவினைஞர். அவர் பட்டறை நொறுக்கப்பட்ட பழி அவன்மேல் விழுந்திருக்கிறது. தந்தியைத் தொட்டறியாதவன் தாத்தா தொடங்கிவைத்த மன்றத்தில் வந்து சேருகிறான். மூன்றாவது குராத்தா தகேசோ, மன்றத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள். பயந்த சுபாவம், பெரிய திறமை என்றும் சொல்ல முடியாது. ஆனால் கதவைப் பூட்டாமல் வைத்திருந்தவன் அவன்தான். ஒரு மாதத்தில் பள்ளி முழுவதற்கும் முன்னால் வாசித்துக் காட்டாவிட்டால் மன்றம் இருக்காது என்கிறார் துணைத் தலைமையாசிரியர்.

கலைக்கு வாரிசு யார்? ரத்தமா, கைத்தொழிலா, விடாமல் காத்துக்கிடப்பதா? தொடர் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறது. சதோவாவுக்குக் கை இருக்கிறது, ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தெரியாது. இவள் வாசிப்பை இவளே இறக்கிப் பிறர் காதுக்கு இடம் கொடுக்கக் கற்கிற பகுதிகள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. தாளம் நிற்காத ஒரு பையனைச் சுற்றி மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருப்பதும் அப்படியே.

குறை இல்லாமல் இல்லை. ஒரு ஸ்வரம் மீட்டுவதற்குள் நாலு பேர் மனசுக்குள் நீளமாகப் பேசிக்கொள்கிறார்கள். அழுகையும் கொஞ்சம் அதிகம். போட்டி, போட்டி என்று ஓடுவது எனக்கு அலுப்புத் தட்டியது. ஆனாலும் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை யாழ்ப்போட்டியில் சீவகன் வென்ற கதையைப் படித்து வளர்ந்தவன், போட்டியைப் பற்றி ரொம்பக் குறை சொல்லக்கூடாது!

இசை மட்டும் உண்மையானது. 2012 முதல் வரும் மூலச் சித்திரக்கதையை எழுதி வரையும் அம்யூ, கோத்தோ வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், தாமும் சிறு வயதிலேயே கற்றவர். கதையில் வரும் உருப்படிகளை நிஜமாகவே இயற்றி, நிஜக் கலைஞர்களைக் கொண்டு வாசிக்க வைத்தார்கள். அந்த இசைத்தட்டு 2017-இல் ஜப்பானியக் கலாசார முகமையின் கலை விழாவில் பரிசு பெற்றது.

இது போன்ற பள்ளி மன்றங்களும் கற்பனை அல்ல. 1977-இலிருந்து ஆண்டுதோறும் தேசிய அளவில் உயர்நிலைப் பள்ளிகளின் கலாசார விழா நடக்கிறது. 2002 முதல், நடுநிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் மூன்று வருஷத்துக்குள் ஒரு ஜப்பானிய வாத்தியத்தையாவது தொட்டுப் பழக வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். பார்வையற்றோர் சங்கம், தலைமைக் குடும்பம், பிறகு பள்ளிக்கூட அறை என்று இந்த வாத்தியம் வீடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

என் பேத்தி மூன்று வருஷமாக வீணை கற்கிறாள். டீச்சர் சென்னையில், கணினித் திரையில் வருகிறார். நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் பக்கத்தில் இன்னொரு வீணை வாசித்து அவள் கேட்டதில்லை. கடைசிப் பகுதி முடிந்ததும், “அவங்களுக்கெல்லாம் ஒரு கிளப் இருக்கு தாத்தா” என்றாள். எனக்குத் தெரிந்து நம் சங்கக் குடும்பங்களில் இன்னும் நான்கு பிள்ளைகள், நான்கு வீட்டில், நான்கு திரைக்கு முன்னால் வீணை கற்கிறார்கள். சங்கக் கூடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டியே கிடக்கிறது. சாவி செயலாளரிடம் இருக்கிறது. கேட்டுவிட்டேன், தருகிறேன் என்றிருக்கிறார். ஜமுக்காளம் என் கடையிலிருந்து வரும். வீணையை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.