மரவள்ளியைக் காக்கும் சிறு குளவி

நம் சேலம், நாமக்கல் பகுதியில் மரவள்ளி பொய்த்தால் ஜவ்வரிசி ஆலைகள் உறங்கும். பல வீடுகளின் அடுப்பும் அணையும். 2020-ஆம் ஆண்டு கேரளத்தின் திருச்சூரில் தென்பட்ட மாவுப்பூச்சி, விரைவில் நம் காடுகளையும் பற்றியது. தென் அமெரிக்காவே அதன் தாயகம். குருத்தின் சாற்றை அது உறிஞ்ச, நுனி சுருண்டு கொத்தாகிவிடும். இவ்வினத்தில் ஆணே இல்லை. தாய் தனித்தே முட்டையிட, யாவும் பெண்ணாகும். ஆகவே, நடும் கரணையில் ஒன்று ஒட்டி வந்தாலும் காடெங்கும் பெருகும்.

இதற்கு மாற்றும் இறைவன் படைப்பிலேயே உண்டு. ‘அனகைரஸ் லோபெசி’ என்னும் சிறு குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். இக்குளவியின் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றதே பெண்ணாகும். அப்பெண்தான் பூச்சியைத் தேடிச் செல்லும்.

1981 முதல் ஆப்பிரிக்காவில் விடப்பட்ட இக்குளவி, அங்கு கோடிக்கணக்கானோரின் உணவைக் காத்தது. அப்பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட குளவிகள், 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டன.

கண்டபடி மருந்தடித்தால் இக்குளவியும் மடியும். பூச்சியில்லாக் கரணையை நட்டு, குளவியை வாழவிடுமாறு நம் வீட்டுப் பெரியோரிடம் எடுத்துரைப்போமா?