ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல லேப்டாப் படுத்துக்கிச்சுன்னா?

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல, ரமணாசிரமத்தைச் சுத்தி மாசக்கணக்குல தங்குற வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர். அதுல சிலருக்குச் சோறு போடுறதே லேப்டாப்தான். ஒருநாள் அது ஆன் ஆகலைன்னா?

ஜெர்மனியில வாங்கினதுக்கு இங்க வாரண்டி செல்லுமாங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீரியல் நம்பரை அவங்க வெப்சைட்ல போட்டுப் பாருங்க. சார்ஜர்ல 100–240 வோல்ட்னு இருந்தா நம்ம 230-க்கு ஓடும், பின் மட்டும் மாத்தணும். கீபோர்டுதான் கொஞ்சம் தலைவலி. ஜெர்மன் கீபோர்டுல ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அதே மாதிரி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினாலும் லேசுல கிடைக்காது. அவசரத்துக்கு ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் சொருகிக்கலாம்.

ஆனா நிஜமான சிக்கல் வேற. டிஸ்க் பிட்லாக்கர்ல பூட்டியிருந்தா, மதர்போர்டு மாத்தினதும் விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். அதுக்குள்ள போக ஓடிபி எங்க வரும்? ஊர்ல கழட்டி வச்சுட்டு வந்த சிம்முக்கு! கீ இல்லைன்னா, எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கா இருந்தாலும் உள்ள இருக்கிற ஃபைலை எடுக்க முடியாது.

நம்மாளுங்க பெர்லினுக்குப் போனாலும் இதே கதைதான். விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே அந்த 48 இலக்கத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி, பாஸ்போர்ட்டோட வச்சுக்கோங்க.