மழலையை எந்த மொழியின் அளவுகோலால் அளப்பது?

சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் எங்கள் பிரிவுக்கு வந்தனர். முதலாவது, ஒடிசாவிலிருந்து வந்து இங்குள்ள பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தம்பதியரின் மகன், வயது இரண்டரை. "இவன் சொல்வது எதுவும் புரியவில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று அங்கன்வாடியில் கூறியதால் பெற்றோர் அஞ்சி அழைத்து வந்திருந்தனர். இரண்டாவது, பல்லடம் பக்கத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் குழந்தை. வயது இரண்டு ஆண்டு நான்கு மாதம். காய்ச்சலுக்காக வந்த அக்குழந்தை இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேசவில்லை என்பதை நாங்கள்தான் கவனித்தோம். உடன் வந்த அப்பத்தா, "இவங்கப்பனும் மூணு வயசுக்கு மேலதானுங்க பேசுனான்" என்று கவலையின்றிச் சொன்னார்.

முழுமையாகப் பரிசோதித்த பின்பு தெரிந்தது இது: அனைவரும் அஞ்சிய சிறுவனுக்குக் குறை ஏதும் இல்லை. எவரும் அஞ்சாத சிறுமிக்கோ காது சரிவரக் கேட்கவில்லை. குழந்தையின் பேச்சொலி வளர்ச்சியை மதிப்பிடுவதில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவற்றை இவ்விரு குழந்தைகளின் வழியாகவே விளக்க விரும்புகிறோம்.

ஒலிகள் வரும் வரிசை

பிறந்து இரண்டு மூன்று மாதங்களில் குழந்தை "ஆ, ஊ" எனக் குரல் எழுப்புகிறது. ஆறு மாதத்திற்கும் பத்து மாதத்திற்கும் இடையில் "பபப, மமம, ததத" என மெய்யும் உயிரும் சேர்ந்த அடுக்கொலிகள் தோன்றுகின்றன. முதல் பிறந்தநாளை ஒட்டிப் பொருளுள்ள முதற்சொல் வருகிறது. உதடுகளைச் சேர்த்தால் எழும் ம, ப ஆகியவையும், நாக்கின் நுனியால் எழும் த, ந ஆகியவையும் எளியவை. அம்மா, அப்பா, தாத்தா, பாப்பா என நம் வீட்டுச் சொற்கள் பலவும் இவ்வொலிகளாலேயே அமைந்திருப்பதைக் காணலாம்.

க, ச, ட, ல போன்றவை அடுத்து வருகின்றன. ர, ற, ள, ண, ழ ஆகியவை நாக்கை நுட்பமாக வளைக்கவும் அதிர்விக்கவும் வேண்டியவை. ஆதலின் தாமதமாகவே கைகூடுகின்றன. இரண்டு வயதுக் குழந்தை காக்கையைக் காட்டித் "தாத்தா" என்பதும், மழையை "மயை" என்பதும், ரயிலை "லயில்" என்பதும் இயல்பே. ழகரமும் ரகரமும் தெளிவாக வருவதற்கு ஐந்து வயதோ அதற்கு மேலோ ஆகலாம். பெரியவர்களிலேயே பலர் ழகரத்தை ளகரமாக ஒலிக்கின்றனர். அது வட்டார வழக்கேயன்றிக் குறை ஆகாது.

பொதுவாக, வெளியார் ஒருவருக்கு இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சில் பாதியளவும், மூன்று வயதில் முக்கால் பங்கும், நான்கு வயதில் ஏறத்தாழ முழுவதும் புரிய வேண்டும். இங்கு "வெளியார்" என்பவர் குழந்தையின் மொழியை அறிந்தவராக இருத்தல் வேண்டும். ஒடியக் குடும்பத்துச் சிறுவனின் செய்தியில் பிசகியது இவ்விடத்தில்தான்.

தாயின் சொல்லே அளவுகோல்

திருப்பூரில் இன்று தமிழுடன் இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி எனப் பல மொழிகள் வீட்டு மொழிகளாக உள்ளன. ஒவ்வொரு மொழியும் குழந்தையிடம் கேட்கும் உழைப்பு வேறு. தமிழில் பகரத்துக்கு ஓர் எழுத்தே உண்டு. இந்தியில் அவ்விடத்தில் நான்கு ஒலிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மூச்சைச் சேர்த்து ஒலித்தால் "கணம்" என்னும் பொருளுடைய சொல் "பழம்" என்னும் பொருளுடையதாக மாறிவிடும். ஒடியாவில் ணகரமும் ளகரமும் உண்டு. சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். ஆங்கிலத்திலோ சொல்லின் தொடக்கத்திலேயே மெய்கள் இரண்டு மூன்று இணைந்து நிற்கும். தமிழ்ச் சொற்களில் அவ்வாறு நிற்பதில்லை.

கொரிய மொழி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. நிலா, மகள், முகமூடி ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று சொற்கள் அம்மொழியில் முதல் மெய்யை மென்மையாகவோ, இறுக்கமாகவோ, மூச்சுடனோ ஒலிப்பதால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ்ச் செவிக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். கொரியக் குழந்தைகள் பெரும்பாலும் இறுக்கமான ஒலியையே முதலில் கற்கின்றனர். எனவே அங்கு கொரிய மொழிக்கென்றே சோதனைகள் உருவாக்கப்பட்டுள்ளன. நம் நாட்டிலும் 1965-இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான இத்தகைய ஆய்வுகளில் முன்னின்று வருகிறது.

எமது பிரிவில் நாங்கள் பின்பற்றும் முறை எளியது. பந்து, தண்ணீர்க் குவளை, பொம்மை முதலியவற்றைக் குழந்தையின் முன் வைத்து, முதலில் தாயை அவற்றின் பெயர்களைச் சொல்லச் சொல்கிறோம். பிறகு குழந்தை சொல்வதைத் தாயின் ஒலிப்போடு ஒப்பிடுகிறோம். ஒடியச் சிறுவன் இவ்வாறு ஐம்பதுக்கும் மேற்பட்ட சொற்களைச் சொன்னான். இரு சொற்களை இணைத்தும் பேசினான். அவன் தாய்மொழியில் அவனுடைய மழலை வயதுக்கு ஏற்றதாகவே இருந்தது.

அப்பெற்றோர் வீட்டிலும் தமிழுக்கு மாறிவிடலாமா என்று கேட்டனர். வேண்டாம் என்றோம். இரு மொழிகள் கேட்பதால் பேச்சுக் குறை உண்டாவதில்லை. இரு மொழிக் குழந்தையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முதலில் காது

பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதற்பரிசோதனை செவித்திறனே. வாயைத் திறந்து அண்ணப் பிளவோ நாக்கு ஒட்டியிருத்தலோ உண்டா எனப் பார்ப்பது அடுத்தது. நாக்கு ஒட்டியிருப்பதால் மட்டும் குழந்தை பேசாமல் இருப்பதில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

விசைத்தறிக் குடும்பத்துச் சிறுமிக்கு இரு நடுச்செவிகளிலும் நீர் கோத்திருந்தது. வலியில்லை, சீழில்லை, ஆகவே எவருக்கும் தெரியவில்லை. தறி ஓடும் வீட்டில் அனைவரும் உரத்துப் பேசுவதால், அவள் திரும்பிப் பார்ப்பதும் குறைவாகத் தோன்றவில்லை. மூன்று மாதம் கவனித்தும் நீர் வற்றாததால் சிறு அறுவை செய்து நீர் வடிக்கப்பட்டது.

பிறவியிலேயே கேளாமை உள்ள குழந்தைகளுக்குக் காலம் இன்னும் விலைமதிப்புடையது. ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் கேட்டல் குறையலாம்.

எப்போது தாமதியாது வர வேண்டும்?

• ஆறு மாதத்தில் குரல் வந்த திசையில் திரும்பாவிடில்
• பத்து மாதத்தில் "பபப, மமம" போன்ற அடுக்கொலிகள் இல்லாவிடில்
• பன்னிரண்டு மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தும் பாராவிடில்
• பதினெட்டு மாதத்தில் பொருளுள்ள சொற்களும் விரலால் சுட்டுதலும் இல்லாவிடில்
• இரண்டு வயதில் ஐம்பது சொற்களுக்குக் குறைவாகவோ, இரு சொல் இணைத்துப் பேசாமலோ இருப்பின்
• மூன்று வயதில் வீட்டாருக்கே பேச்சு பெரும்பாலும் புரியாவிடில்
• எந்த வயதிலாயினும், பேசிக்கொண்டிருந்த சொற்களை இழப்பின்

"ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும்", "எங்கள் குடும்ப வாகு" என்னும் சமாதானங்களால் மேற்கண்ட அறிகுறிகளைத் தள்ளிவிட வேண்டாம்.

வரும் முன்பும் வீட்டிலும்

குழந்தை சொல்லும் சொற்களை, அது சொல்லும் விதமாகவே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தறியோ தையல் இயந்திரமோ ஓடாத நேரத்தில், விளையாடும்போது பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து கொணருங்கள். ஷிப்ட் காரணமாகப் பெற்றோர் வர இயலாவிடில், பகலில் குழந்தையைக் கவனிப்பவர் அவசியம் வர வேண்டும்.

குழந்தை "தாத்தா" என்று காக்கையைக் காட்டினால் கண்டிக்காதீர்கள். "ஆமாம், காக்கா பறக்கிறது" எனச் சரியான சொல்லை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். நாவில் தேன் தடவினால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்தானதும்கூட. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையும் வரை கைப்பேசித் திரை கூடாது. இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது.

செலவை எண்ணியும் தயங்க வேண்டாம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் பரிசோதனை இலவசம். தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்வைப்பு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

அச்சிறுமிக்கு இப்போது மூன்று வயது கடந்துவிட்டது. கடந்த மாதம் வந்தபோது, மருத்துவமனை வாசலில் நின்ற பேருந்தைக் காட்டி "பத்து வந்துச்சு" என்றாள். "பஸ்" இன்னும் வரவில்லையே என அப்பத்தா வருந்தினார். ஸகரம் தாமதமாக வரும் ஒலி. அவள் வயதுக்கு அது போதும் என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து மீண்டும் அழைத்து வருமாறு அனுப்பி வைத்தோம்.