பிரிட்டனில் மறைந்த பெயர், பெருங்களத்தூரில் 25 வருஷம் ஓடியது எப்படி? ஸ்டாண்டர்டு கார்களின் கதை

காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கமிருந்து பஸ்ஸில் சென்னை வந்தவர்களுக்குப் பெருங்களத்தூர் என்றால் பல வருஷம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற இடமாக இருந்தது. அங்கே ஜிஎஸ்டி சாலை ஓரம், இப்போது ஐடி வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கிற இடத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அம்பாசிடர் வங்காளத்தில், ஃபியட் பம்பாயில் என்றிருந்த காலத்தில், மெட்ராஸ் கார் என்றால் அது ஸ்டாண்டர்டுதான்.

யார் இந்த ஸ்டாண்டர்டு?

1903-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கிய கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ட்ரையம்ஃப் நிறுவனத்தையும் வாங்கியது. 1940-களின் கடைசியில் மெட்ராஸில் 'ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' உருவானது. முதலில் வேன்கார்டு, பிறகு 1950-களில் சின்ன கார்களான எய்ட், டென், பென்னன்ட் எனப் பல மாடல்கள் வந்தன.

பிரிட்டனில் 1963-லேயே 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரைக் கைவிட்டார்கள். ட்ரையம்ஃப் பெயர்தான் அங்கே விலை போனது. ஆனால் இங்கே பெயர் மாறவில்லை. அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு, இங்கே அதே கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

ஹெரால்டு ஏன் ஸ்பெஷல்?

இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த டிசைன். மற்ற கம்பெனிகள் எல்லாம் பாடியையும் சேசிஸையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தபோது, இதற்கு மட்டும் தனி சேசிஸ். காரணம் ரொம்ப சாதாரணம்: பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டும்படி வடிவமைத்தார்கள். பானட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுசாகத் திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் நம்ம ஊர் குறுகலான தெருக்களுக்குக் கச்சிதம்.

பிரிட்டனில் இன்ஜினை 1147 சிசி, 1296 சிசி என்று பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இங்கே கடைசிவரை 948 சிசிதான். பதிலுக்கு நாம் செய்தது நான்கு கதவு ஹெரால்டு. உலகத்தில் வேறெங்கும் அது தயாராகவில்லை. 1970-களில் அதையே மாற்றி, பின் அச்சையும் நம்ம ரோடுக்கு ஏற்ற சாதாரண அச்சாக்கி, 'கெஸல்' என்று விட்டார்கள். பிறகு சில வருஷம் காரே இல்லை, ஸ்டாண்டர்டு 20 வேன் மட்டும்தான்.

கவிழ்த்தது எது?

1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000. வெளித்தோற்றம் அசல் பிரிட்டிஷ் ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய, 3500 சிசி வி8 இன்ஜின் ஓட்டிய பாடி அது. அதற்குள் இவர்கள் வைத்தது வேன்கார்டு வம்சத்து 1991 சிசி இன்ஜின். ஒரு காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரில் உழுத குடும்பம்! ஃபெராரி டேடோனாவை ஞாபகப்படுத்தும் முகத்துக்கு அந்த இதயம் போதவில்லை.

நேரமும் சரியில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. சின்ன கார், நல்ல மைலேஜ், விலையும் கைக்கு அடக்கம். பெட்ரோல் குடிக்கிற இந்தப் பெரிய காருக்கு அதைப் போலப் பல மடங்கு விலை. லைசென்ஸ் காலத்தில் ஜனங்களுக்கு வேறு வழியில்லை, கிடைத்ததை வாங்கினார்கள். வழி கிடைத்ததும் யாரும் காத்திருக்கவில்லை. 1988-ல் தயாரிப்பு நின்றது.

மிஞ்சிக் கிடந்த ரோவர் உதிரிபாகங்களைப் பிற்பாடு ஒரு பிரிட்டிஷ் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இன்ஜின், பிரேக் சாமான்கள் அங்கிருந்துதான் வருகின்றன. நான்கு கதவு மாடல் வாங்க நினைத்தால் மட்டும், முதலில் பின்கதவு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மாற்றுக் கதவு லண்டனிலும் கிடைக்காது.