படிப்பை மாற்றினால் எஸ்.யு. என்னாகும்?

டென்மார்க்கில் உயர்கல்விக்குப் போகும் பிள்ளைக்கு அரசு மாதாமாதம் எஸ்.யு. என்ற உதவித்தொகை கொடுக்கிறது. பெற்றோரை விட்டுத் தனியே இருந்து படித்தால், 2025 கணக்குப்படி, வரிக்கு முன் 7,086 குரோனர். அப்பா அம்மாவின் சம்பளத்தை இதற்குப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே தங்கிப் படித்தால் தொகை வெகுவாகக் குறையும்; பெற்றோரின் சம்பளமும் கணக்கில் வரும்.

இந்தக் காசு மாதக் கணக்கில் அளந்து வைக்கப்பட்டது. ஒரு மாத உதவிக்கு ஒரு 'கிளிப்'. முன்பெல்லாம் உயர்கல்விக்கு ஒருவருக்கு 70 கிளிப் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் புதிதாகத் தொடங்குவோருக்கு 58தான். செப்டம்பரில் சேர்ந்து ஐந்தாம் ஆண்டு ஜூனில் முதுகலை முடிக்க அது சரியாகப் போதும், மிச்சம் இராது. தடுமாறுவதற்கென்று இருந்த அந்த ஓராண்டைத்தான் வெட்டிவிட்டார்கள்.

வீட்டார் சொன்னதற்காகப் பொறியியலில் சேர்ந்து, ஓராண்டு கழித்து உளவியலுக்கு மாறும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிளிப் செலவாகிவிட்டது, கையில் 46. புதிய படிப்புக்கோ 58 வேண்டும். கடைசி 12 மாதம் உதவித்தொகை இல்லை; 2025-இன் தொகையில் ஏறக்குறைய 85,000 குரோனர். படிப்பு முடியும் தறுவாயில் அரசிடமே கடன் வாங்க வழியுண்டு, ஆனால் அது வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டியது. இங்குள்ள தமிழர்களான நம் வீடுகளில் எந்தத் துறை என்பது பிள்ளை ஜிம்னாசியம் என்ற மேல்நிலைப் படிப்பை முடிக்குமுன்பே தீர்மானமாகிவிடுவதால், இந்தக் கணக்கு முக்கியமாக நமக்குத்தான் என்பேன்.

முன்பு தேறிய பாடங்களைப் புதிய படிப்பில் ஏற்றுக்கொண்டால் இழப்பு குறையும். முழு ஆண்டுப் படிப்புக்கு 60 ஈ.சி.டி.எஸ். என்ற பாடமதிப்புப் புள்ளி, அதாவது ஒரு கிளிப்புக்கு ஐந்து. 30 புள்ளியை ஏற்றுக்கொண்டால் ஆறு மாதம் குறைவாகப் படித்தால் போதும், பற்றாக்குறையும் ஆறு மாதமாகச் சுருங்கும். ஆகவே மாறுவதற்கு முன்பே, எந்தப் பாடம் செல்லும் என்று புதிய கல்வி நிறுவனத்தில் கேட்டுவிடுங்கள். புதிய துறை பழையதிலிருந்து விலகிப்போகப் போக ஏற்கப்படும் பாடமும் குறைந்துகொண்டே போகும்.

துறை மாறாதவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பாடங்களைக் கைவிட்டோ பரீட்சையில் தவறியோ, வாங்கிய கிளிப்புக்கு ஏற்ற புள்ளி சேராமல் மிகவும் பின்தங்கினால் எஸ்.யு. நின்றுவிடும். விட்ட புள்ளிகளைச் சேர்த்தபின் மறுபடி விண்ணப்பிக்கலாம். கிளிப்பை மிச்சம்பிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது: பகுதிநேர வேலையில் நல்ல காசு வரும் மாதத்துக்கு உதவி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்தக் கிளிப் பின்னாளுக்கு மிஞ்சும். இதைச் செய்யாமல் எல்லா மாதமும் வாங்கித் தீர்ப்பவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

பொறியியலுக்குக் கணிதம் போதாமல், அதை மட்டும் தனிப்பாடமாக எச்.எஃப். என்ற உயர்கல்வி ஆயத்தப் படிப்பு மட்டத்தில் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். தனிப்பாடங்களுக்கு எஸ்.யு. பெற வாரம் குறைந்தது 23 மணி வகுப்பு இருக்க வேண்டும். கணிதம் ஒன்றே அந்த அளவுக்கு வராது. கூட வேறு பாடங்களையும் சேர்த்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு எஸ்.யு. இல்லை, கல்விக் கட்டணம் உண்டு. மாதம் 90 மணி நேரமும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழுநேரமும் வேலை செய்ய அனுமதி இருக்கிறது.